விலை குறைவாக இருக்கும்போது ஏகபோகத்தால் நமக்கு என்ன கேடு?

கேள்வி இது: "ஒரு கம்பெனி சந்தையில் அறுபது, எழுபது சதவீதத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் விலையும் குறைவு, சேவையும் பரவாயில்லை. அப்படியிருக்க ஏகபோகம், ஏகபோகம் என்று ஏன் கத்துகிறார்கள்? வாங்குகிற எனக்கு இதில் என்ன நஷ்டம்?"

நியாயமான கேள்விதான். பெரிதாக வளர்வது குற்றமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்றைய விலையை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். நான் பார்ப்பது வேறு. நாளைக்கு இந்தக் கம்பெனி விலையை ஏற்றினாலோ தரத்தைக் குறைத்தாலோ, நான் போவதற்கு வேறு இடம் இருக்கிறதா? அப்படி இடமில்லை என்றால், அந்த இடத்தில் கடை போட இன்னொருவர் வர முடியுமா? இந்த இரண்டில் ஒன்றாவது உயிரோடு இருந்தால், எழுபது சதவீதத்தைக் கண்டு பயப்பட மாட்டேன். இரண்டும் செத்துவிட்ட துறையாக இருந்தால் மூன்றாவதாக ஒன்றைக் கேட்பேன்: அவர்களைத் தட்டிக் கேட்க ஆள் இருக்கிறதா, அந்த ஆளுக்கு அதிகாரம் இருக்கிறதா?

நம் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேரவே பல வருஷம் ஆயிற்று. 1969-ல் வந்த எம்.ஆர்.டி.பி. சட்டம், அதாவது அந்தக் காலத்து ஏகபோகத் தடுப்புச் சட்டம், கம்பெனியின் பருமனையே சந்தேகத்தோடு பார்த்தது. 20 கோடி ரூபாய்க்கு மேல் சொத்துள்ள குழுமம் புதிதாக ஓர் ஆலை கட்டவும் தில்லியில் போய் நிற்க வேண்டியிருந்தது. அதனால் வாங்குபவருக்கு நன்மை வந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. புதிய ஆலை வராததால் ஏற்கெனவே இருந்தவர்களுக்குத்தான் கொண்டாட்டம். ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதிலாக வந்த 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம், சந்தையில் ஆதிக்கத்தில் இருப்பதை அனுமதிக்கிறது. அந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் மட்டும் தண்டிக்கிறது. இத்தனை சதவீதம் தாண்டினால் ஏகபோகம் என்று கோடு எதையும் அது போடவில்லை.

தலை எண்ணிக்கை நம்மைக் காப்பாற்றும் என்று நினைத்தால் சிமெண்டைப் பாருங்கள். ஒன்றல்ல, பதினொரு கம்பெனிகள் கூடிப் பேசி உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தின என்று, இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையம் 2012-ல் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கடையில் பத்து பிராண்டு மூட்டை அடுக்கியிருந்தாலும், எல்லாம் ஒரே விலை என்றால் அது வாங்குகிறவருக்கு ஒரு கடைதான்.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம்: விலை குறைவாயிற்றே?

தூத்துக்குடியில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. கொழும்புக்குப் போகும் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி வைத்ததுதான் கட்டணம் என்றிருந்த காலத்தில், 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய். அடுத்த வருஷம் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாருங்கள் என்று கூப்பிட்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாக வரலாறு சொல்கிறது.

அன்றைக்குக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் உங்கள் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? நஷ்டமா, எனக்கா, குடை வேறு கிடைத்தது என்றிருப்பார். அந்தப் பயணத்துக்கு அது உண்மை. ஆனால் கப்பலுக்கு நிலக்கரி போட்டு, ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, பயணியிடம் பைசா வாங்காமல் ஓட்டுகிற கம்பெனி தர்மம் செய்யவில்லை. போட்டியாளர் மூழ்கியதும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் முதல் போடுகிறது. எதிராளியிடம் இருந்தது 25 ரூபாய்ப் பங்குகளாகச் சேர்த்த பணம். இவர்களிடம் வேறு பல தடங்களில் இருந்து வரும் லாபம். யார் மூச்சு முதலில் நிற்கும் என்பதில் சந்தேகமே இல்லை. (கட்டணம் மட்டுமே சுதேசிக் கம்பெனியைச் சாய்த்தது என்று சொன்னால் அரசாங்கத்துக்கு நற்சான்று கொடுத்ததாகிவிடும். 1908 மார்ச்சில் வ.உ.சி.யைக் கைது செய்து கம்பெனியின் முதுகெலும்பை முறித்தார்கள். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது.) இன்றைய போட்டிச் சட்டம் இதையேதான் தடுக்கிறது: போட்டியாளரை ஒழிக்கும் நோக்கத்தோடு அடக்க விலைக்குக் கீழே விற்பது.

அப்படியானால் ஜியோ? இதை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். 2016 செப்டம்பரில் வந்து, 2017 மார்ச் வரை எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஏர்டெல் போட்டி ஆணையத்துக்குப் போனது. ஆணையம் 2017 ஜூனில் புகாரைத் தள்ளுபடி செய்தது. சொன்ன காரணம் எளிமையானது: சந்தையில் ஏழு சதவீதம்கூட இல்லாத புதியவர் ஆதிக்கத்தில் இருப்பவர் ஆகமாட்டார், புதியவர் ஆள் சேர்க்க விலையைக் குறைப்பது போட்டியின் ஒரு பகுதி. சட்டத்தின் எழுத்துப்படி அது சரி. தூத்துக்குடியில் இலவசமாகக் கூட்டிப்போனது ஏற்கெனவே தடத்தை வைத்திருந்தவர்; இங்கே புதிதாக வந்தவர். ஆனால் அந்தப் புதியவருக்குப் பின்னால் இருந்த ரிலையன்ஸின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு லாபத்தை ஆணையம் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வ.உ.சி. கதையில் முடிவைத் தீர்மானித்தது யார் பழையவர், யார் புதியவர் என்பதைவிட, யார் பை ஆழம் என்பதுதான்.

வாங்கியவர்களுக்கு என்ன ஆயிற்று? நேர்மையாகச் சொன்னால், முதல் சில வருஷங்கள் கொள்ளை லாபம். 1 ஜிபி டேட்டாவுக்கு 200, 250 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், தினமும் 1 ஜிபி, 1.5 ஜிபி என்று பழகிப்போனார்கள். மறுபக்கம் ஒவ்வொரு கம்பெனியாக விழுந்தது. தமிழ்நாட்டில் அது எப்படி இருந்தது என்று ஏர்செல் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். டவர் கம்பெனிகளுக்குப் பாக்கி வைத்ததில் 2018 பிப்ரவரியில் சிக்னல் போயிற்று. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால், 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி போர்ட் கோடு வாங்க வேண்டும். சிக்னலே இல்லாத போனிலிருந்து எஸ்எம்எஸ் எப்படிப் போகும்? வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் பதிவு என்று எல்லாம் அந்த எண்ணோடு கட்டியிருந்த மக்கள் ஷோரூம் வாசல்களில் முட்டிக்கொண்டு நின்றார்கள். வேறு இடம் இருந்தது, போகிற பாதை அடைத்துக்கொண்டது.

இப்போது தனியார் மூன்று பேர் மிச்சம். 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று ஒவ்வொரு முறையும் மூவரும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை ஏற்றினார்கள். கடைசியாக ஏற்றியபோது ஜியோவின் 239 ரூபாய் பிளான் 299 ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் மட்டும் பி.எஸ்.என்.எல்.-க்கு சுமார் 29 லட்சம் பேர் சேர்ந்தார்கள். வேறு இடம் ஒன்று இருப்பதன் அருமை அப்போது தெரிந்தது. அந்த இடத்தில் 4ஜி ஒழுங்காகக் கிடைக்காமல் பலர் திரும்பி வந்ததும் நடந்தது. பேருக்கு ஒரு போட்டியாளர் இருந்தால் போதாது, போய் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். ஆனாலும் இந்தக் கதையை வெறும் ஏமாற்று என்று நான் எழுத மாட்டேன். 299 ரூபாய் என்பது 2015-ன் டேட்டா விலையோடு ஒப்பிட்டால் இன்னும் மலிவுதான். மூன்று பேர் இரண்டு பேர் ஆவார்களா என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

விலையே பேசப்படாத இடத்தில் வரும் ஏகபோகத்தை நாம் கவனிப்பதில்லை. கார் வாங்கும்போது எத்தனை ஷோரூம் ஏறி இறங்குகிறோம்? அங்கே போட்டி பலம்தான். வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளிலிருந்து, அந்தக் காரின் ஹெட்லைட்டுக்கும் பம்பருக்கும் நமக்கு ஒரே ஒரு கடை. 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது இதற்காகத்தான். ஒரிஜினல் உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் விற்கவில்லை, கோளாறு கண்டுபிடிக்கும் கருவியைத் தனி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கவில்லை. அந்த 14 பேரில் சிலருக்குக் கார் விற்பனையில் ஒற்றை இலக்கச் சதவீதம்கூட இருக்காது. தங்கள் காரின் உதிரி பாகத்தில் ஒவ்வொருவரும் நூறு சதவீதம். கையெழுத்துப் போட்டு முன்பணம் கட்டிய பிறகு ஃபிளாட் வாங்குகிறவரின் கதியும் இதுதான். டி.எல்.எஃப். நிறுவனத்துக்கு 2011-ல் 630 கோடி அபராதம் வந்தது, குர்கானில் வாங்கியவர்கள் மீது ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தைத் திணித்ததற்காக. பணம் கட்டியாயிற்று, இனி எங்கே போவார்கள் என்ற தைரியம். மல்டிபிளெக்ஸில் பாப்கார்ன் விலையும் அதே தைரியத்தில் நிற்பதுதான், அளவு மட்டும் சின்னது.

உங்கள் கேள்வி எந்தக் கம்பெனியை மனதில் வைத்து வந்ததோ தெரியாது. ஆனால் அதன் வாசகம் அப்படியே பொருந்துவது இண்டிகோவுக்கு. உள்நாட்டு விமானப் பயணிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 65 பேர் அவர்களிடம் போகிறார்கள். அந்த இடத்தை அவர்கள் யாரையும் மிரட்டிப் பிடிக்கவில்லை. ஒரே ரக விமானம், குறைந்த செலவு, நேரத்துக்குக் கிளம்புவது என்று உழைத்துத்தான் வந்தார்கள். வழியில் 2019-ல் ஜெட் ஏர்வேஸ் படுத்தது, 2023-ல் கோ ஃபர்ஸ்ட் படுத்தது, 2024-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு கலந்தது. போட்டியாளர்கள் அவரவர் சொந்தக் காரணங்களால் போனார்கள். ஒரு நல்ல ஏகபோகம் என்று காட்ட வேண்டுமானால் 2025 நவம்பர் வரை இதைக் காட்டியிருக்கலாம்.

பிறகு டிசம்பர் வந்தது. விமானிகளின் களைப்பைக் குறைக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொண்டுவந்த புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்திருந்தது. வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியதும், ஒரு விமானி இரவில் ஆறு முறை தரையிறக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்ததும் அந்தப் புதிய விதிகளில் முக்கியமானவை. ரொம்ப நாளாகத் தெரிந்த விதிகள். மற்ற கம்பெனிகள் எப்படியோ சமாளித்தன. இண்டிகோவிடம் அதற்கு வேண்டிய விமானிகள் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் விமானங்கள் ரத்தாகத் தொடங்கின. 5-ம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள், நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியவர்கள் எல்லாம் சூட்கேஸ் மலைகளுக்கு நடுவே விமான நிலையத் தரையில் படுத்தார்கள். மற்ற விமானங்களில் மிச்சமிருந்த இருக்கைகளின் விலை எகிறியது. அரசாங்கம் தலையிட்டு 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் போனாலும் 18,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று.

நூற்றுக்கு 20 பேரைச் சுமக்கும் கம்பெனிக்கு இது நடந்திருந்தால் செய்தித்தாளில் ஒரு பத்தி வந்திருக்கும், பயணிகள் அடுத்த கவுண்டருக்குப் போயிருப்பார்கள். 65 பேரைச் சுமப்பவர் தடுக்கி விழுந்தால் அவர்களை ஏற்றிக்கொள்ளும் இடம் மீதிப் பேரிடம் கிடையாது. இது ஒரு பக்கம். எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது அடுத்து நடந்தது. குழப்பத்தை அடக்க வேறு வழி தெரியாமல், இயக்குநரகம் இண்டிகோவுக்கு அந்த ஓய்வு விதிகளில் சிலவற்றிலிருந்து பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தது. பயணிகளின் பாதுகாப்புக்காகப் போட்ட விதி, அதைப் பின்பற்றத் தயாராகாத கம்பெனிக்காக வளைந்தது. தயாரான சின்னக் கம்பெனிகளுக்கு என்ன பாடம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிறகு கால அட்டவணையில் 10 சதவீதத்தை வெட்டச் சொன்னார்கள், விசாரணை வைத்தார்கள், அதெல்லாம் சரி. ஆனால் நான் முதலில் சொன்ன மூன்றாவது கேள்வி, தட்டிக் கேட்பவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது, அந்த வாரம் விடையில்லாமல் நின்றது. ஒரு கம்பெனியைத் தண்டித்தால் நாடே நின்றுவிடும் என்ற நிலை வந்தபின், அதை ஒழுங்குபடுத்துகிறேன் என்று சொல்வதில் அதிக அர்த்தமில்லை. டிக்கெட் விலையில் இந்த நஷ்டம் தெரியவே தெரியாது.

சரி, எந்த ஏகபோகத்தை நான் ஏற்றுக்கொள்வேன்?

மின் கம்பியை. ஒரே தெருவில் இரண்டு மின் வாரியம் இரண்டு வரிசைக் கம்பம் நட்டால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விடியும். மும்பையின் சில பகுதிகளில் இரண்டு விநியோகக் கம்பெனிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கேயும் பெரும்பாலும் ஒருவர் கம்பியில்தான் இன்னொருவர் மின்சாரம் போகிறது. இத்தகைய துறையில் போட்டியை வலிந்து கொண்டுவருவதைவிட, விலை வைக்கும் அதிகாரத்தை விற்பவரிடமிருந்து பிடுங்கி வேறொருவரிடம் கொடுப்பது புத்திசாலித்தனம். தமிழ்நாட்டில் அது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தை ஏற்றுவதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊர்களிலும் கூட்டம் நடந்தது. விசைத்தறிக்காரர்களும் சிறுதொழில்காரர்களும் நிலைக்கட்டணம் தாங்காது என்று வாதாடினார்கள். செப்டம்பரில் கட்டணம் ஏறிவிட்டது. கேட்பது வேறு, கேட்டு நடப்பது வேறு. இருந்தாலும் கணக்கை மேசையில் வைத்துப் பேச வேண்டிய கட்டாயம் இருக்கிறதே, அது ஒரு தனியார் ஏகபோகத்திடம் நமக்குக் கிடைக்காது.

மருந்துக் காப்புரிமையையும், நிபந்தனையோடு, ஏற்றுக்கொள்வேன். இருபது வருஷம் வேறு யாரும் தயாரிக்கக் கூடாது என்று அரசாங்கமே கொடுக்கும் ஏகபோகம் அது. அந்த ஆசை இல்லாவிட்டால் ஆராய்ச்சியில் பணத்தைக் கொட்ட ஆள் வரமாட்டார்கள், முடிவுத் தேதியும் முன்கூட்டியே தெரியும். ஆனால் நிபந்தனை என்று ஏன் சொல்கிறேன் என்றால், பேயர் கம்பெனியின் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்து. ஈரல், சிறுநீரகப் புற்றுக்கு மாதச் செலவு சுமார் 2.80 லட்சம் ரூபாய். நம் காப்புரிமைச் சட்டத்தின் 84-வது பிரிவு, மருந்து மக்களுக்குப் போதிய அளவில் கிடைக்கவில்லை என்றாலோ, கட்டுப்படியாகும் விலையில் இல்லை என்றாலோ, மூன்று வருஷத்துக்குப் பிறகு வேறொருவர் கட்டாய உரிமம், அதாவது காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் தயாரிக்கும் அனுமதி, கேட்கலாம் என்கிறது. ஐதராபாத்தின் நாட்கோ கேட்டது. 2012 மார்ச்சில் கிடைத்தது. மாதத்துக்கு 8,880 ரூபாய் என்று விலை வைத்தார்கள், பேயருக்கு விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி. பேயர் அப்போது சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. வாரியம் ராயல்டியை 7 ஆக்கிவிட்டு உத்தரவை உறுதி செய்தது. 2.80 லட்சம் எங்கே, 8,880 எங்கே! இந்தப் பிரிவை அதற்குப் பிறகு நம் அரசாங்கம் ஏறக்குறைய தொடவேயில்லை என்பது வேறு வருத்தம். சட்டத்தில் இருக்கும் ஆயுதம் பெட்டியிலேயே துருப்பிடித்தால் ஏகபோகக்காரருக்குப் பயம் விட்டுப்போகும்.

யு.பி.ஐ. இன்னொரு விதம். அந்தப் பணப்பாதையை நடத்துவது என்.பி.சி.ஐ. என்ற ஒரே அமைப்பு. அதன் மேல் ஓடும் பரிமாற்றங்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு ஆப்களில். ஒருவருக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020-ல் சொன்னார்கள். கெடுவை 2026 டிசம்பர் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் இதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. டீக்கடையில் ஒட்டியிருக்கும் போன்பே அட்டையை எந்த ஆப் வைத்து ஸ்கேன் செய்தாலும் பணம் போகிறது. நாளைக்கு அந்த ஆப் கட்டணம் போட்டால், இன்றைக்கு ராத்திரி வேறொன்றை இறக்கிக்கொள்ளலாம். டீக்கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. வாட்ஸ்ஆப்பை இப்படி விட முடியுமா? நீங்கள் போய்விடலாம், உங்கள் அத்தை, அப்பார்ட்மெண்ட் குரூப், பிள்ளையின் பள்ளி குரூப் எல்லாம் அங்கேதான் இருக்கும். 2021-ல் தகவலைத் தாய்க் கம்பெனியான மெட்டாவோடு பகிர ஒப்புக்கொள் என்று வாட்ஸ்ஆப் அறிவித்தபோது நம்மில் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்ததற்குக் காரணம் இதுதான். மெட்டாவுக்கு 2024 நவம்பரில் ஆணையம் போட்ட 213 கோடி அபராதம் அந்த விவகாரத்துக்கு. விலை பூஜ்யமாக இருந்தாலும் விதிமுறையில் நம்மிடமிருந்து வசூல் நடக்கும்.

வாங்குபவரை விட்டுவிட்டு விற்பவரைப் பிழியும் ஏகபோகமும் உண்டு. வரன் தேடித் தரும் சென்னையின் பாரத் மேட்ரிமோனி 2012-லேயே கூகுள் மீது புகார் கொடுத்தது; தேடல் முடிவுகளில் தனக்குச் சாதகம் செய்துகொண்டதற்காக 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 136 கோடி ரூபாய் அபராதம் வந்தது. பிறகு பிளே ஸ்டோர் கமிஷன் தகராறு, அதாவது ஆப் வழியாக வரும் பணத்தில் கூகுள் எடுத்துக்கொள்ளும் பங்கு பற்றியது. 2024 மார்ச் 1-ல் அந்தக் கம்பெனியின் ஆப்கள் உட்படப் பல இந்திய ஆப்களை கூகுள் ஸ்டோரிலிருந்தே தூக்கியது, மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் திரும்ப வந்தன. வரன் தேடும் அம்மாவுக்கு இந்தச் சண்டை தெரியாது. கமிஷன் 11 சதவீதமா, 30 சதவீதமா என்பது அவர் கட்டும் சந்தாவுக்குள் ஒளிந்திருக்கிறது.

அரசாங்கத்தின் ஏகபோகம் என்றால் மட்டும் தேவலையா என்று கேட்டால், தொலைபேசித் துறையை நினைத்துப் பாருங்கள். இணைப்புக்கு மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். சீக்கிரம் வேண்டுமானால் ஓ.ஒய்.டி. என்று முன்பணம் கட்ட வேண்டும். 1995 ஆகஸ்டில் அரசாங்கக் கம்பெனியான வி.எஸ்.என்.எல். இணையத்தைக் கொண்டுவந்தது. மூன்று வருஷம் அவர்கள் வைத்ததுதான் வேகம், அவர்கள் வைத்ததுதான் விலை. 1998 இறுதியில் தனியாருக்கு அனுமதி கிடைத்ததும் முதலில் வந்தவர்களில் சென்னையின் சத்யம் இன்ஃபோவே ஒன்று. அதற்குப் பிறகுதான் தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் முளைத்தது.

டாஸ்மாக்கை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் கையில். குடியைப் பெருக்குவதற்குப் போட்டி வேண்டாம் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டிய சரக்கு அல்லவே இது. ஆனால் ஏகபோகம் எப்படி வேலை செய்கிறது என்று கிட்ட நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. விலையை அரசாங்கமே நிர்ணயிக்கிறது, பாட்டிலில் அச்சாகியிருக்கிறது, கடையும் அரசாங்கத்துடையது. அப்படியிருந்தும் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற புகார் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. அதே பாட்டில் பக்கத்துக் கடையில் அச்சிட்ட விலைக்குக் கிடைத்திருந்தால் அந்தப் பத்து ரூபாயைக் கேட்கவே வாய் வந்திருக்காது. மேலே விலையைக் கட்டி வைத்தால், கவுண்டரில் ஒழுகுகிறது.

பரிகாரம் என்ன, உடைக்க வேண்டுமா? அமெரிக்காவில் 1911-ல் ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனியை 34 துண்டாக்கினார்கள். அந்தக் கம்பெனியின் காலத்தில் மண்ணெண்ணெய் விலை ஏறவில்லை, இறங்கித்தான் வந்தது. ரயில்வேக்களோடு ரகசியத் தள்ளுபடி பேசி மற்றவர்களை நசுக்கியதுதான் பெரிய குற்றச்சாட்டு. உங்கள் கேள்வியின் நூற்றாண்டுப் பழைய வடிவம் அது. ஆனால் உடைப்பது எப்போதாவது ஒரு முறைதான் நடக்கும், வழக்கு முடிய பல வருஷம் ஆகும். அதற்குள் செய்யக்கூடியது, மாறிப்போகும் செலவைக் குறைப்பது. மொபைல் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியில் வந்தது. இன்றைக்கும் அதே மாதிரி எந்த மெக்கானிக்கிடமும் ஒரிஜினல் பாகம் கிடைக்க வேண்டும், வங்கியை மாற்றினால் கணக்கு எண் கூடவே வர வேண்டும், ஒரு மெசேஜ் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தில் கடைசியாகச் சொன்னதை வாட்ஸ்ஆப் மீது கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கே டிஜிட்டல் போட்டி மசோதா என்று ஒரு வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. கூகுள் மீதான புகார் ஆறு வருஷம் இழுத்த மாதிரி இழுக்காமல், பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே விதி போடலாம் என்பது அதன் யோசனை.